காசு கொடுத்தவள் களவாளியா?

கம்பனிக்காரரே, உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரு பொருளை முழு விலைக்கு விற்றுவிட்டு, அது விழுந்தால் எழுப்புகிற வழியை மட்டும் உங்கள் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டீர்களே, இது என்ன வியாபாரம்? லெப்டொப்பின் விலைக்குள்ளேயே விண்டோஸின் விலையையும் சேர்த்து எடுத்தீர்கள். இது அசல் விண்டோஸ்தான் என்று அடியில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினீர்கள். அந்த விண்டோஸைத் திரும்பப் போடுகிற சீடியைத் தரவில்லை. இன்று என் சொந்த லெப்டொப்பில், நான் ஏற்கெனவே காசு கொடுத்த மென்பொருளின் களவுப் பிரதி ஓடுகிறது. உங்கள் கணக்கில் நான் களவாளி. அந்தப் பேரை எனக்கு வைத்தது யார்?

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள மருதமுனைக்காரி. வீட்டில் இருந்து டைப் அடிப்பது என் தொழில். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் ஆய்வறிக்கை, கல்முனை பஸாரில் கடை வைத்திருப்பவர்களின் கடிதம், சேர்மாரின் தவணைப் பரீட்சை வினாத்தாள், கலியாண அழைப்பிதழ், பள்ளிவாசல் கணக்கறிக்கை, பிரதேச செயலகத்துக்குப் போகிற விண்ணப்பம், எல்லாம் என் விரலால் போனவைதான். தறிச் சத்தம் கேட்கிற ஊரில் என் வீட்டில் கேட்பது இந்தச் சத்தம். வெளியே போய் உழைக்கத் தோதில்லாத பெண்ணுக்கு ஒரு லெப்டொப் என்றால் அது ஒரு கடை, ஒரு கந்தோர், மாதக் கடைசியில் சீட்டுக் காசு.

2011இல் என் மாப்பிள்ளை கட்டாரில் இருந்து வரும்போது அதைக் கொண்டுவந்தார். வெயிலில் நின்று உழைத்த காசு அது. விசைகளில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் இருந்ததால் வீட்டில் ஓதுகிற சின்னப் பிள்ளைகள் அலிஃபையும் பேயையும் தேடித் தேடித் தட்டினார்கள். அடியில் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் ஸ்டிக்கர், அதில் ஐந்து ஐந்தாகப் பிரித்து 25 எழுத்துச் சாவி எண். பெட்டிக்குள் சார்ஜர் இருந்தது. ஏழெட்டு மொழியில் எச்சரிக்கைப் புத்தகம் இருந்தது; அதில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. சீடி என்று ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்பதை உங்கள் வாயாலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். சீடிக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே ஒரு மறைவறை ஒதுக்கி, அதில் விண்டோஸின் பிரதியைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றீர்கள். ரிகவரி பாட்டிஷன் என்று அதற்குப் பேர். ஒரு கம்பனிக்கு எஃப்11, இன்னொன்றுக்கு ஓல்ட்டோடு எஃப்10, வேறொன்றுக்கு பூச்சியத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். லெப்டொப் தானாகவே புதிதாகிவிடும் என்றீர்கள். விண்டோஸுக்குள் வைரஸ் புகுந்தால் அது உண்மைதான், எழும்பும். ஆனால் பழைய லெப்டொப்பில் அடிக்கடி சாகிறது எது? ஹார்ட் டிஸ்க்தானே! அது செத்தால் அந்த அறையும் சேர்ந்தே சாகும். கிணற்றில் விழுந்தவனைத் தூக்குகிற கயிற்றைக் கிணற்றுக்குள்ளேயே போட்டு வைத்தவர்கள் நீங்கள்.

என் லெப்டொப் விழுந்தது 2022இல். அந்த வருடம் இந்த நாட்டில் எது விழவில்லை? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். பெற்றரி எப்போதோ போய்விட்டது, வயரில்தான் ஓடியது. அடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நிற்கும். சுழன்றுகொண்டிருக்கிற டிஸ்க், எழுதிக்கொண்டிருக்கிற இடத்திலேயே நின்றுவிடும். திரும்பத் திரும்ப அப்படி நின்று நின்று, ஒரு நாள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு வந்து நின்றது. நீங்கள் சொன்ன விசையை அழுத்தினேன். ஹார்ட் டிஸ்க் உள்ளே டக்டக்கென்று தட்டியதே தவிர உங்கள் மறைவறை திறக்கவே இல்லை.

கடைக்குக் கொண்டுபோனோம். கழற்றிப் பார்த்த தம்பி கேட்டான்.

“ராத்தா, ரிகவரி சீடி இரிக்கா?”

“அப்பிடி ஒண்டும் பெட்டிக்குள்ள வெச்சித் தரல்லயே தம்பி.”

“அப்ப அடியில இரிக்கிற நம்பரச் சரி வாசிங்க பாப்பம்.”

வருடக் கணக்காக மடிச் சூட்டிலும் வேர்வையிலும் தேய்ந்த ஸ்டிக்கர். முதல் இரண்டு தொகுதி தெரிந்தது. மிச்சம் சாம்பல் நிறத்தில் ஒரு தடம்தான்.

“இனி கிரெக்தான் அடிக்கணும் ராத்தா. ஊரு முழுக்க அதானே ஓடுது.”

அந்தத் தம்பியை நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அவனிடம் ஒரு பென் டிரைவ், அதற்குள் எல்லா விண்டோஸும். இந்தக் கரையில் பொத்துவில் தொடங்கி மருதமுனை வரை எத்தனை பிள்ளைகளின் படிப்பு அந்த மாதிரிப் பென் டிரைவ்களில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நான்தான் உடனே தலையாட்டவில்லை. காசு கொடுத்து வாங்கியது இருக்க, களவானது எதற்கு என்று கேட்டேன். கம்பனியிடமே கேட்டுப் பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

கேட்டோம். கொழும்பில் உள்ள முகவரிடம் கேட்டால், இந்த மொடலை நாங்கள் இறக்கியதில்லை, வாங்கின நாட்டிலே கேளுங்கள் என்றார்கள். ஊரோடு வந்து சேர்ந்துவிட்ட மனிசன் ஒரு சீடிக்காகத் திரும்பக் கட்டாருக்கு விசா எடுக்கவா? கம்பனியின் இணையத்தளத்தில் மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டாள். இந்த மொடலுக்கான மீட்புத் தட்டு இப்போது கையிருப்பில் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. வருந்தினீர்களாம்! உங்கள் வருத்தத்தை எந்த டிரைவில் போட்டு நான் லெப்டொப்பை எழுப்புவது?

விண்டோஸைச் செய்தவரின் வாசல் மட்டும் திறந்தா இருந்தது? விண்டோஸ் 7 கோப்பை இறக்கிக்கொள்ள மைக்ரோசொப்ட் ஒரு பக்கம் வைத்திருந்தது. கடையில் தனியாக வாங்கிய பிரதியின் சாவி எண்ணைக் கொடுத்தால் கோப்பைத் தந்தது. லெப்டொப்போடு வந்த எண்ணைக் கொடுத்தால், இது உற்பத்தியாளர் போட்ட மென்பொருள், அவரையே கேள் என்று திருப்பி அனுப்பியது. உற்பத்தியாளரைக் கேட்டால் கையிருப்பில் இல்லை. இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, இருவரும் சேர்ந்து காசை மட்டும் ஒற்றுமையாக எடுத்திருக்கிறார்கள்.

“நீ ஏன் சீடி எரித்து வைக்கவில்லை?” என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி எனக்குத் தெரியும், எல்லாரும் கேட்டார்கள். வாங்கின புதிதில் திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, மீட்புத் தட்டுகளை இப்போதே உருவாக்குக என்று சொல்லி மறைந்ததாம். வெற்று டிவிடிகளை நாங்களே வாங்க வேண்டுமாம், மணிக்கணக்கில் உட்கார்ந்து எரிக்க வேண்டுமாம். சில கம்பனிகள் ஒரே ஒரு தொகுதிக்கு மேல் எரிக்கவும் விடவில்லை. அதில் ஒன்று கீறுப்பட்டால் கதை முடிந்தது. தொழிற்சாலையில் சதக் கணக்கில் முடிகிற வேலையை, காசு கொடுத்து வாங்கியவளின் தலையில் கட்டிவிட்டு, அவள் செய்யவில்லை என்று அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். பொருளை முழுதாகக் கொடுப்பது விற்றவனின் கடமை. என் கடமை காசு. அதை நான் ஒரு றியால் குறையாமல் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் கிரெக்தான் போட்டோம். வேறொரு பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பூட்டி, விண்டோஸ் 10 அடித்துத் தந்தான் தம்பி. அடித்ததும் எல்லாம் சரியாகிவிடுமா? வைஃபை வேலை செய்யவில்லை, அதை இயக்குகிற ட்ரைவர் மென்பொருள் இல்லை. ட்ரைவரை இணையத்தில் எடுக்க வேண்டும்; இணையத்துக்குப் போக அந்த ட்ரைவர் வேண்டும். இன்னொருவரின் கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். கம்பனியின் சீடி இருந்திருந்தால் இதெல்லாம் அதற்குள்ளேயே இருந்திருக்கும். பிறகு என் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். பாமினி என்கிற தமிழ் எழுத்துரு போய்விட்டது. யாரோ ஒரு மணமகளின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குழம்பிக் கிடந்தன. என் இத்தனை வருட உழைப்பும் வாசிக்க முடியாத கிறுக்கலாகத் திரையில் நின்றபோது நான் அழுதுவிட்டேன். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் சரிவரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அழுதேன்.

கிரெக் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். விண்டோஸ் தன்னை அசல் என்று நம்பும்படி ஏமாற்றுகிற ஒரு சின்ன மென்பொருள். அதை ஓட்டுமுன் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்பின் தெரியாதவனை உள்ளே அழைக்கிற வேலை. இப்படிப்பட்ட கிரெக்குகளின் வழியாகத்தான் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கிற வைரஸ்கள் உலகம் முழுக்கப் பரவின. ஸ்டொப் என்றும் டிஜேவு என்றும் பேர் வாங்கியது அதில் ஒன்று. ஒரு பிள்ளையின் இறுதியாண்டு ஆய்வறிக்கை என் லெப்டொப்பில் இருக்கும்போது எனக்கு நித்திரை வருமா? அது என்னிடம் இருக்கிற அமானிதம். அதற்கு ஒன்று நடந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் சொல்ல நீங்கள் வருவீர்களா?

இன்னொரு பாரம் இருக்கிறது. அது உங்களுக்கு விளங்குமோ தெரியாது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, எழுதியவரின் உரிமையும் கண்டுபிடித்தவரின் உரிமையும் மார்க்கத்தால் காக்கப்பட்டவை, அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானம் எடுத்தது. அதை நான் ஏற்கிறேன். அடுத்தவரின் உழைப்பை எடுத்துப் பிழைப்பது எனக்கு வேண்டாம். ஆனால் அதே மார்க்கம் விற்கிறவனுக்கும் சட்டம் வைத்திருக்கிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபிகளார் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு விற்றவரைக் கண்டித்த சம்பவத்தை எங்கள் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலேயே படிக்கிறார்கள். வாங்குகிறவனின் கண்ணுக்குத் தெரியாமல் குறையை உள்ளே வைத்து விற்காதே என்பது அதன் பாடம். நீங்கள் உள்ளே வைத்த குறை 11 வருடம் கழித்து வெளியே வந்தது. என்னைப் பார்த்து ஹறாம் என்று சொல்லுமுன், உங்கள் குவியலுக்குள் யாராவது கையை விட்டுப் பார்க்கட்டும்.

இதன் வேர் எங்கே என்று தேடினேன். 2000ஆம் ஆண்டளவில், கணினியோடு முழு விண்டோஸ் சீடியையும் கொடுக்கிற வழக்கத்தை நிறுத்தும்படி உற்பத்தியாளர்களுக்கு மைக்ரோசொப்ட் விதி போட்டது. களவுப் பிரதி பரவுவதைத் தடுக்கிறோம் என்பது அதற்குச் சொன்ன நியாயம். சரி, தடுத்தீர்களா? களவெடுக்கிறவனுக்கு உங்கள் சீடி எந்தக் காலத்திலும் தேவைப்படவில்லை. அவனுக்கு எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. சீடி இல்லாமல் தவித்தது காசு கொடுத்தவன் மட்டும்தான். களவைத் தடுக்கப் போட்ட விதி, களவெடுக்கத் தேவையே இல்லாதவளைக் கிரெக் பக்கம் தள்ளியது. இதைவிடக் கேவலமான விதியை நான் காணவில்லை.

கொடுக்க மாட்டோம் என்றது மட்டுமல்ல, கொடுக்க முன்வந்தவனைச் சிறைக்கும் அனுப்பினார்கள். அமெரிக்காவில் எரிக் லண்ட்கிரன் என்று ஒருவர். மின்னணுக் கழிவைத் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது அவர் தொழில். பழைய டெல் கணினிகள் மீட்புத் தட்டு இல்லாமல் குப்பைக்குப் போவதைப் பார்த்து, சீனாவில் 28,000 தட்டுகளை அச்சிட்டார். ஒவ்வொன்றையும் கால் டொலருக்குக் கொடுப்பது அவர் எண்ணம். அதற்குள் இருந்தது டெல் கணினி வைத்திருப்பவர்கள் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள்தான். சாவி எண் இல்லாத கணினியில் அது பயன்படாது. 2012இல் அமெரிக்கச் சுங்கம் தட்டுகளைப் பிடித்தது. வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் 15 மாதச் சிறையும் 50,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லவில்லை. தட்டுகளில் டெல்லின் பெயரையும் முத்திரையையும் அசல் போலவே அச்சிட்டார், காசு பார்க்க நினைத்தார் என்று மைக்ரோசொப்ட் சொன்னது. முத்திரையை அச்சிட்டது பிழைதான். ஆனால் நட்டத்தை எப்படிக் கணக்குப் பார்த்தார்கள் என்று பாருங்கள். பழைய கணினியைத் திருத்தி விற்பவர்களுக்கு மைக்ரோசொப்ட் உரிமத்தோடு கொடுத்த தட்டின் விலை 25 டொலர். அதை 28,000ஆல் பெருக்கி 7 லட்சம் டொலர் என்றார்கள். சாவி இல்லாத வெறும் தட்டின் பெறுமதி பூச்சியம்தான் என்று அவர் தரப்பு நிபுணர் சாட்சி சொல்லியும் எடுபடவில்லை. அந்த ஒவ்வொரு கணினிக்கும் விண்டோஸ் காசு ஏற்கெனவே ஒருமுறை கட்டப்பட்டிருந்தது. இரண்டாம் முறையும் காசு வர வேண்டும் என்பதுதான் அங்கே நடந்த வழக்கு.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறேன். உபுண்டு என்கிற இலவச இயங்குதளத்தைச் செய்யும் கனோனிக்கல், 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் சீடியைத் தபாலில் அனுப்பியது. சீடிக்கும் காசில்லை, தபாலுக்கும் காசில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் உறைக்குள் வந்து சேரும். அந்தத் திட்டம் முடிந்த அதே 2011இல்தான் என் மாப்பிள்ளை றியால் எண்ணிக் கொடுத்து லெப்டொப் வாங்கினார். ஒரு சதமும் வாங்காதவன் கடல் தாண்டிச் சீடி அனுப்பியிருக்கிறான். முழுக் காசும் வாங்கியவன் பெட்டிக்குள் வைக்கவில்லை.

அப்படியென்றால் லினக்ஸுக்கு மாறு என்கிறார்கள். நல்ல யோசனைதான். பழைய லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் ஓடும், பிள்ளைகள் படிக்கப் போதும், சாவியும் கேட்காது. ஆனால் என் தொழில் மற்றவர்களின் கோப்புகளோடு. பல்கலைக்கழகம் வேர்ட் கோப்பாகக் கேட்கிறது; பக்க அளவும் அட்டவணையும் ஒரு நூல் விலகினாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: நான் காசு கொடுத்து வாங்கியது விண்டோஸ். இலவசமாக வேறொன்று கிடைக்கிறதே என்று சொல்லி, என்னிடம் வாங்கிய காசுக்குக் கணக்கு மூடப் பார்க்காதீர்கள்.

புதிது வாங்கு என்கிறார்கள். எதைக் கொண்டு வாங்குவது? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வட் வரி 18 சதவீதமாகியது. விண்டோஸை மட்டும் தனியாக வாங்கலாமே என்றால், ஹோம் பதிப்பின் விலை 139 டொலர். டொலரை 300 ரூபாயாக எடுத்தாலும் 41,700 ரூபாய். ஒரு பக்கம் டைப் அடிப்பதற்கு எனக்குக் கிடைக்கிற காசை வைத்து இதை நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டாம் தரமும் இவ்வளவு கொடுக்க நான் என்ன குற்றம் செய்தேன்?

கிரெக் போட்ட அந்த விண்டோஸ் 10க்கும் கதை முடிந்துவிட்டது. 2015இல் அது வந்தபோது, இனி வேறு விண்டோஸ் வராது, இதுதான் கடைசி என்று மைக்ரோசொப்ட்டில் வேலை செய்த ஒருவர் மேடையில் சொன்னார். 2021இல் விண்டோஸ் 11 வந்தது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்று வாசலிலேயே மறித்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. இதனால் 24 கோடிக் கணினிகள் வரை கழிவாகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023லேயே சொல்லியிருந்தது. எல்லாம் ஓடுகிற கணினிகள். கெட்டுப்போனவை அல்ல.

அதிலும் ஒரு பாகுபாடு. இன்னும் ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமா, 30 டொலர் கட்டு. இல்லையென்றால் உன் அமைப்புகளை எங்கள் கிளவுட்டில் சேமி, அல்லது எங்கள் புள்ளிகளைச் சேர்த்துக் கொடு என்றார்கள். ஐரோப்பாவில் பாவனையாளர் அமைப்புகள் சத்தம் போட்டன. உடனே ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருப்பவர்களுக்கு அந்த நிபந்தனைகள் தளர்ந்து, திருத்தம் இலவசமாகியது. சத்தம் போட்டவனுக்கு ஒரு விலை, போடாதவனுக்கு ஒரு விலை. கல்முனைக் கரையில் சத்தம் போட ஆள் இல்லை என்று நினைத்தீர்களோ?

இந்தக் கரைக்குப் பிரதியின் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து எங்கள் ஆட்களைக் கொண்டுபோனது, வீட்டைக் கொண்டுபோனது, அலுமாரியில் இருந்த கடதாசிகளையும் கொண்டுபோனது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் போய், உயிர் மட்டும் மிஞ்சியவர்கள் கந்தோர் கந்தோராக நின்றோம். இந்த அரசாங்கத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை இருக்கிறது. ஆனாலும் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, இன்னார் இன்ன நாளில் பிறந்தார் என்று பிரதி எழுதி முத்திரை குத்தித் தந்தார்கள். உன் சான்றிதழை நீ தானே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எங்கள் முகத்துக்குச் சொல்லவில்லை. கடல் கொண்டுபோன கடதாசிக்கே பிரதி இருக்கிறது. உங்கள் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிற ஒரு கோப்புக்குப் பிரதி தர உங்களுக்கு என்ன கேடு?

முடியாது என்று சொல்லவும் உங்களுக்கு வழியில்லை. டெல்லும் லெனோவாவும் தங்கள் பிந்திய மொடல்களுக்கு, தொடரிலக்கத்தைக் கொடுத்தால் மீட்புக் கோப்பை இணையத்திலேயே இறக்கி பென் டிரைவில் போட்டுக்கொள்ள விடுகின்றன. விண்டோஸ் 8 வந்த பிறகு சாவி எண்ணும் ஸ்டிக்கரில் தேய்ந்து போவதில்லை. தாய்ப் பலகைக்குள்ளேயே பதிந்து வருகிறது. ஆக வழி தெரியாமல் நீங்கள் இருக்கவில்லை. புதிதாக வாங்குகிறவனுக்குச் செய்ததை, பழையதை வைத்திருப்பவளுக்குச் செய்ய மனமில்லை. அவளிடம் இனிக் காசு வராது என்பது காரணம். பிரான்ஸில் 2021 முதல், ஒரு லெப்டொப்பைத் திருத்துவது எவ்வளவு எளிது என்று புள்ளி போட்டு, விற்கும்போதே விலையோடு காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கே ஒட்டுகிறீர்கள் அல்லவா? சட்டம் வந்தால் உங்களால் எதுவும் முடியும்.

அதனால் எங்கள் ஆட்சியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2003ஆம் ஆண்டில் இந்த நாடு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது; கணினி மென்பொருளைச் செய்தவனின் உரிமைக்கு அதில் காவல் இருக்கிறது. அதே ஆண்டில் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வந்தது. வாங்குகிறவளின் உரிமைக்குக் காவலாக வந்த சட்டம் அது. முதலாவதன் பெயரால் என்னைக் களவாளி என்று சொல்ல முடியுமென்றால், இரண்டாவதன் பெயரால் எனக்கும் ஒரு கட்டளை போடுங்கள். இந்த நாட்டில் விற்கப்படுகிற ஒவ்வொரு கணினிக்கும் அதன் இயங்குதளத்தைத் திரும்பப் போடுகிற பென் டிரைவோ தட்டோ பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதை எப்படிப் போடுவது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்க வேண்டும். வாங்கின நாடு எதுவென்று கேட்காமல், தொடரிலக்கத்தைப் பார்த்து முகவர் உதவ வேண்டும். மொடல் பழையதாகிவிட்டது என்று கோப்பை அழிக்கக் கூடாது. ஆதரவை நிறுத்துகிற நாளில் அந்த மொடலின் விண்டோஸையும் ட்ரைவர்களையும் யாரும் இறக்கக்கூடியதாகப் பகிரங்கமாக விட்டுப் போக வேண்டும். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை உழைக்கப் போன பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த லெப்டொப்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! அவர்களெல்லாம் இந்த நாட்டின் பாவனையாளர்கள் இல்லையா?

கம்பனிக்காரரே, என் கையில் இருக்கிற கிரெக்கை நான் பெருமையாக வைத்திருக்கவில்லை. என் விண்டோஸை என்னிடம் தந்துவிடுங்கள், அன்றைக்கே இதை அழித்துவிடுகிறேன். இரக்கமோ கழிவோ இலவசமோ உங்களிடம் கேட்கவில்லை. 2011இல் காசு எண்ணி வாங்கிய பொருளில் நீங்கள் பிடித்து வைத்திருக்கிற மிச்சத்தைத்தான் கேட்கிறேன். அது என் ஹக், என் உரிமை. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் களவாளி என்று சொல்ல உங்களுக்கு வாய் வரக் கூடாது.